அடி வாங்குகிறவள் கதையில் ஏன் கிளம்புவதில்லை?

மார்ச் 4 (வாசகர் ஒருவர் கேட்டது)

புருஷனிடம் அடி வாங்கும் பெண் தமிழ்க் கதைகளில் ஒரே மாதிரிதான் வருகிறாள். மூலையில் உட்கார்ந்து அழுவாள், தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கடைசியில் அவள் சாவாள், இல்லையென்றால் அவன் திருந்துவான். ஒருத்தியாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாளா? எழுதுகிறவர்களுக்குத் தைரியம் இல்லை என்பது என் முடிவு. மறுக்கிறவர்கள் உதாரணத்தோடு வரவும்.

மார்ச் 4, இரவு (என் பதில்)

கிளம்புகிறவள் என்ன, தள்ளிவிட்டுப் போகிறவளே இருக்கிறாள். குண்டலகேசி. வணிகர் வீட்டுப் பெண். கொலைக்களத்துக்கு இழுத்துப் போகப்படும் திருடனைப் பார்த்து ஆசைப்பட்டாள், அப்பா அவனை மீட்டுக் கட்டிவைத்தார். ஒரு நாள் ஊடலில் விளையாட்டாக, நீ கள்ளன்தானே என்றுவிட்டாள். அதை மனதில் வைத்துக்கொண்டு மலையுச்சிக்குக் கூட்டிப் போய்க் கொல்லப் பார்த்தான். சாவதற்கு முன்னால் உங்களை மூன்று தடவை சுற்றி வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்றாள். சுற்றி வருகிறபோது பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். அவ்வளவுதான். ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று இது. நமக்குக் கிடைத்தது 19 பாடல்கள். கதை தெரிவது நீலகேசி உரையின் புண்ணியத்தில்.

ஒரு வார்த்தை சொன்னதற்காக என்கிற காரணம் அப்போதே இருந்திருக்கிறது. எங்கள் வார்டில் நான் கேட்ட காரணங்களில் பாதி இந்த ரகம்தான். குழம்பில் உப்பு, சட்டையில் பொத்தான், ஏன் தம்பி வந்தான், ஏன் சிரித்தாய்.

வார்டு என்றேனா? நான் நர்சு. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. மீதி நாளைக்கு.

மார்ச் 5

தென் மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனை. 27 வருட வேலையில் ஆறு வருடம் தீக்காய வார்டு, மீதியில் பெரும்பகுதி கேஷுவாலிட்டி. கதை படிக்கிற பழக்கம் நைட் டூட்டியில் வந்தது. டூட்டி ரூமில் கிழிந்த வாரப் பத்திரிகைகள் எப்போதும் கிடக்கும். தொடர்கதையில் அடி விழுகிற வாரம் படம் தவறாமல் ஒன்றேதான்: அவள் தரையில், கூந்தல் கலைந்து, கன்னத்தில் கை. அவன் கால் மட்டும் தெரியும்.

கன்னத்தில் கை என்பதில்தான் எனக்குச் சிரிப்பு வரும். கன்னத்தில் அடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் குறைவு. நாங்கள் பார்த்தது முன்கை எலும்பு. தலைக்கு வருகிற அடியைத் தடுக்கக் கையைத் தூக்குவார்கள், அங்கே முறியும். அப்புறம் முதுகு, தொடை, தலைமுடிக்குள்ளே தையல். ரவிக்கையும் சேலையும் மூடுகிற இடங்கள். கோபத்தில் கண்ணு தெரியலை என்று அவன் சொல்வான். கண் நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

இதை எந்தத் தொடர்கதையிலும் படித்ததில்லை. தைரியத்தைவிடத் தகவல்தான் எழுதுகிறவர்களுக்குக் குறைவு என்பது என் கட்சி.

மார்ச் 5, அரை மணி கழித்து

அதையும் முழுசாகச் சொல்ல முடியாது. கீழே திருத்துவேன்.

மார்ச் 7

தீக்காய வார்டு என்றதும், ஸ்டவ் வெடித்தது என்கிறார்களே, நிஜமா என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். இது கொஞ்சம் நீளம்.

கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். புக் என்று ஒன்று உண்டு. அடிபட்டு வருகிற எல்லோருக்கும் அதில் பதிவு. டாக்டர் எழுதுகிற முதல் சொல் 'எலெஜ்டு'. அதாவது, இப்படி நடந்ததாகச் சொல்லப்படுகிறது; நான் பார்க்கவில்லை, அவள் சொன்னாள், எழுதிவிட்டேன். மாடிப்படியில் தவறி விழுந்ததாக. பாத்ரூமில் வழுக்கியதாக. கதவு இடித்ததாக. ஒருத்தி மாடு முட்டியது என்றாள். வீட்டில் மாடு இருக்கிறதா என்று நாங்கள் கேட்கவில்லை. தீக்காயம் என்றால் ஸ்டவ் வெடித்ததாக.

பம்ப் ஸ்டவ் வெடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. திரி ஸ்டவ் அப்படி வெடிப்பது அபூர்வம். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் திரி ஸ்டவ்தான். சமைக்கும்போது சேலையில் பற்றினால் முன்பக்கம், மடி, தொடை, கை என்று போகும். தலையிலிருந்து கீழே வழிந்த மாதிரி எரிந்திருந்தால், முடியில் மண்ணெண்ணெய் வாடை அடித்தால், அது வேறு. முதல் வாரத்திலேயே எல்லா நர்சுக்கும் இது தெரிந்துவிடும். தெரிந்தும் 'எலெஜ்டு' என்ற சொல் எங்களை எல்லாம் காப்பாற்றிவிடும்.

வார்டில் கேட்கப்படுகிற முதல் இரண்டு கேள்விகள் எண்களைப் பற்றியவை. எத்தனை பர்சன்ட்? கல்யாணமாகி எத்தனை வருஷம்? முதலாவது கணக்கு எளிது: தலை 9, ஒரு கை 9, ஒரு கால் 18, மார்பும் வயிறும் 18, முதுகு 18. கூட்டினால் பிழைப்பாளா என்று தோராயமாகத் தெரியும். இரண்டாவது சட்டக் கணக்கு. 1986இல் வரதட்சணைச் சாவுக்கென்று 304பி வந்த பிறகு, ஏழு வருடத்துக்குள் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை. ஏழு வருடம் இரண்டு மாதம் என்றால் வெளியே நிற்கிற கூட்டத்தில் பாதிப் பேர் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

சினிமாவில் எரிந்தவள் அரை மணி நேரம் வசனம் பேசிச் சாவாள். அறுபது பர்சன்ட் எரிந்தவள் முதல் நாள் பேசுவாள்தான், அதில் பொய்யில்லை. தெளிவாகவே பேசுவாள். சொந்தக்காரர்கள் பிழைத்துவிடுவாள் என்று நம்பி டீ குடிக்கப் போவார்கள். அவள் பேசுவது என்ன? தண்ணி. திரும்பத் திரும்ப தண்ணி. அப்புறம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாச்சா? சாவு ஒரு வாரம் பத்து நாள் கழித்து, சீழ் வைத்து, காய்ச்சலில் வரும். அந்தப் பத்து நாளை எந்தப் படமும் காட்டாது. அங்கே வசனம் இல்லை, வாடைதான் இருக்கிறது.

மரண வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் வருவார். டாக்டர் நினைவோடு இருக்கிறாள் என்று எழுதிக் கொடுப்பார். உறவுக்காரர்கள் எல்லோரையும் வெளியே அனுப்புவோம். யோசித்துப் பாருங்கள். அவனை வெளியே நிறுத்திவிட்டு அவளைத் தனியாக ஒரு வார்த்தை கேட்டது அவள் சாகப்போகிறாள் என்று எங்களுக்குத் தெரிந்த பிறகுதான். அதற்கு முன்னால் கை முறிந்து வந்தபோது, தலையில் தையல் போட்டபோது, அவன் பக்கத்திலேயே நின்றான். கேள்வி அவளிடம் போகும், பதில் அவனிடமிருந்து வரும்.

அப்போதும் அவள் ஸ்டவ் என்றுதான் சொல்வாள். "அவரை உள்ள வச்சுட்டா பிள்ளைகளை யாரு பாப்பா சிஸ்டர்?"

மார்ச் 7, இரவு

தூக்கம் வரவில்லை. மேலே உள்ளதைப் படித்தால் எல்லாக் கேசும் கொலை மாதிரி இருக்கிறது. இல்லை. தானே ஊற்றிக்கொண்டவர்கள் நிறைய. ஊற்றிக்கொள்ள வைத்தவன் யார் என்பது ஏ.ஆர். புக்கில் கட்டம் இல்லாத விஷயம்.

மார்ச் 9

இமையத்தின் 'செல்லாத பணம்' படிக்கவில்லையா என்று ஒருவர். படித்தேன். 2018இல் வந்த நாவல், 2020க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. நான் வேலையில் இருந்தபோதே வந்துவிட்டது, அப்போது படிக்கவில்லை, வார்டிலிருந்து வந்து வார்டையே படிக்க யாருக்கு மனசு வரும். ஓய்வுக்குப் பிறகு படித்து இரண்டு தடவை மூடி வைத்தேன்.

இன்ஜினியரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டுகிற ரவியைக் கட்டிக்கொண்டு போனவள், எரிந்து ஜிப்மரில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி வார்டுக்கு வெளியே. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி. பணம் இருக்கிறது, வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற அப்பா. அந்தத் தலைப்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேட்டி மடியில் நோட்டுக் கட்டை வைத்துக்கொண்டு, "எவ்வளவு வேணும்னாலும் சிஸ்டர், மெட்ராசுக்குக் கொண்டு போயிரலாமா" என்று கேட்டவர்கள். அதே ஆள் ஒரு வருடம் முன்னால் மகளிடம், பஸ்ஸுக்குக் காசு தர்றேன், ராத்திரிக்குள்ள வீடு போய்ச் சேரு என்று சொல்லி அனுப்பியிருப்பார்.

முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. அடி வாங்கியவள் உள்ளே கிடக்கிறாள், நீ ஏன் வெளியே நிற்கிறவர்களின் புலம்பலை இவ்வளவு பக்கம் எழுதுகிறாய் என்று. பிறகு யோசித்தால் வெளியே நிற்கிறவர்கள்தான் அங்கே குற்றவாளிக் கூண்டு. கூண்டில் நிற்கிறோம் என்று தெரியாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

மார்ச் 10

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, எல்லாம் சரி, ஆனால் யாரும் கிளம்பவில்லையே என்கிறார்.

ஐயா, நம் ஊரில் கிளம்பாதவள் யார்? எல்லோரும் கிளம்புகிறார்கள். அம்மா வீட்டுக்கு. ஒரு பை, இடுப்பில் சின்னது, கையில் பெரியது, கடைசி பஸ். மூன்றாம் நாள் பெரியவர்கள் நாலு பேர் வருவார்கள், பேசுவார்கள், காபி குடிப்பார்கள். "வீட்டுக்கு வீடு வாசப்படி." ஒன்பதாம் நாள் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. கிளம்பிப் போனவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டது யார் என்று கேளுங்கள், கதை அங்கே இருக்கிறது.

மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதிய 'வென் ஐ ஹிட் யூ' (2017) இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. கதைசொல்லிக்குப் பெயர் இல்லை. கணவன் கல்லூரி ஆசிரியன், புரட்சி பேசுகிறவன், அவளுடைய ஈமெயில் வரைக்கும் அவன் கையில். போனில் பெற்றோர் பொறு பொறு என்கிறார்கள். எனக்குப் பிடித்தது ஆரம்பம். திரும்பி வந்த மகளின் கதையை அம்மா ஊருக்குச் சொல்கிறாள். எதைச் சொல்கிறாள்? மகளின் வெடித்த பாதங்கள், தலையில் பேன். அடியைப் பற்றி அல்ல, பேனைப் பற்றி. அம்மாக்கள் அப்படித்தான். சொல்ல முடிந்த அசிங்கத்தைச் சொல்வார்கள்.

கிளம்புவதும் ஒரு நாள் வேலை இல்லை. எங்கள் வார்டுக்கு வந்துபோன ஒருத்தி, மகளின் பிறப்புச் சான்றிதழையும் ரேஷன் கார்டு ஜெராக்ஸையும் பூக்காரம்மாவிடம் கொடுத்து வைத்திருந்தாள். ஒன்றரை வருடமாக. மாதம் நூறு ரூபாய் அங்கேயே சேர்த்தாள். பெட்டி தூக்குகிற காட்சியை எழுதுவது சுலபம், பூக்காரம்மாவை யார் எழுதுவது?

மார்ச் 10, பின்குறிப்பு

ஆண்களும் அடி வாங்குகிறார்கள் என்று எழுதியவருக்கு: வாங்குகிறார்கள். தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இங்கே வேண்டாம்.

மார்ச் 12

சினிமாவுக்கு இழுத்துவிட்டார்கள். 'அவர்கள்', 1977, பாலசந்தர். சாடிஸ்ட் கணவனாக ரஜினி, அனுவாக சுஜாதா, பொம்மையை வைத்துக்கொண்டு கமல். எனக்கு அதில் பிடித்தது மாமியார்தான். மகனை விட்டு மருமகள் பக்கம் நிற்பார், கடைசியில் அவளோடு ரயிலில். சுகுமாரி அருமையாகச் செய்திருப்பார்.

கதாநாயகன் கதாநாயகியை ஒரு அறை அறைந்ததும் அவளுக்குக் காதல் வந்த படங்களை நான் பட்டியலிடப்போவதில்லை. பேட்டரி தீர்ந்துவிடும். அந்தப் பளார் சத்தத்தை ஸ்டுடியோவில் எதைத் தட்டி எடுப்பார்களோ! நிஜ அடிக்கு அவ்வளவு சத்தம் கிடையாது.

மார்ச் 12, இரவு

லீலாவதி. சுகுமாரி இல்லை. மூன்று பேர் திட்டிவிட்டார்கள், போதும்.

மார்ச் 14

சேரிப் பெண்களைப் பற்றிய பாமாவின் 'சங்கதி' (1994) பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் எழுதவில்லை.

ராக்கம்மா ஞாபகம் இருக்கிறதா? புருஷன் அடிக்க வருகிறான். அவள் தெருவில் நின்று அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளில் கத்துகிறாள், கூட்டம் பார்க்கச் சேலையைத் தூக்கிக் காட்டுகிறாள். அவன் போய்விடுகிறான். பார்த்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இப்படிச் செய்யாவிட்டால் என் மண்டையைப் பிளந்திருப்பான் என்பது அவள் கணக்கு. முதல் தடவை படித்தபோது நான் முகம் சுளித்தவர்கள் பக்கம்தான் நின்றேன். சொல்வதற்கென்ன.

ஆனால் கேஷுவாலிட்டி அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அவள் கணக்கு தப்பில்லை. தெருச் சண்டை போட்டவர்கள் காயத்தோடு வருவார்கள், கத்திக்கொண்டே வருவார்கள், யார் அடித்தது என்று பெயர் அப்பன் பெயரோடு சொல்வார்கள். டாக்டர் 'எலெஜ்டு' என்று எழுதுவதற்குள் அவள் வாக்கியத்தை முடித்திருப்பாள். "என் புருஷன் அடிச்சான், எழுது." கூடவே நாலு பொம்பளைகள் சாட்சிக்கு. மாடுதான் முட்டியது, படிதான் வழுக்கியது என்றவர்கள் பெரும்பாலும் காம்பவுண்டுச் சுவர் உள்ள வீட்டுக்காரிகள். படித்தவர்கள். ரெண்டு பேர் டீச்சர். ஒருத்தி எங்கள் இனமே, நர்சு.

சேரிப் பெண்ணுக்கு அடி குறைவு என்று சொல்லவில்லை. பாமாவும் அப்படிச் சொல்லவில்லை. அதே புத்தகத்தில் பஞ்சாயத்து ஆம்பளைகள் பொய்ப் பழிக்கு அபராதம் போட்ட மரியம்மா கதையும் இருக்கிறது. அடி இரண்டு இடத்திலும் அடிதான். ஒரு இடத்தில் சத்தம் வெளியே கேட்கும்.

மார்ச் 15

சத்தம் என்றதும் ஒரு டிவி சத்தம் இப்போது ஞாபகம் வருகிறது. என் பெரியம்மா மகள், பெயர் வேண்டாம், அக்கா என்று வைத்துக்கொள்வோம். அவள் வீட்டில் டிவி சத்தம் திடீரென்று கூடும். நாங்கள் சின்னப் பிள்ளைகள், 'ஒலியும் ஒளியும்' நல்ல பாட்டுப் போடுகிறான் போல என்று அங்கே ஓடுவோம். கதவு சாத்தியிருக்கும்.

அத்தான் தங்கமான மனுசர். எங்களுக்கெல்லாம் சாத்தூர் சேவு வாங்கி வருவார். யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆள். அவர் பைக் ஸ்டாண்ட் போடுகிற சத்தத்தை வைத்து அன்றைக்கு எப்படி என்று அக்காவின் சின்ன மகன் சொல்லிவிடுவான் என்பது எனக்கு முப்பது வருடம் கழித்துத்தான் தெரியும். ஒரே தட்டில் நின்றால் நல்ல நாள். ரெண்டு தட்டு என்றால் அவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவான்.

அப்புறம் பிச்சிப்பூ. சில நாள் அக்கா தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருப்பாள். அத்தானே வாங்கி வந்தது. எங்கள் அம்மா அப்பாவிடம் இடித்துச் சொல்வாள், பாருங்க, அந்த மனுசன் எப்படிப் பூ வாங்கிக் குடுக்காரு. லெனோர் வாக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் எழுதிய புத்தகத்தில் இந்தச் சுற்றைச் சொல்கிறார்: புகைச்சல், அடி, அப்புறம் தேனொழுகும் நாட்கள், மறுபடி புகைச்சல். ஒரு பயிற்சி வகுப்பில் போர்டில் வட்டம் போட்டுக் காட்டினார்கள். மற்றவர்கள் நோட்டில் வரைந்துகொண்டார்கள். நான் பிச்சிப்பூ வைத்த நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கதைகளில் அவன் எப்போதும் குடித்துவிட்டு, கண் சிவந்து, லுங்கியோடு வருகிறான். பூ வாங்குகிற கை வருவதில்லை. ஏன் கிளம்பவில்லை என்ற கேள்விக்குப் பாதி பதில் அந்தப் பூவில்தான் இருக்கிறது. அத்தான் குடிக்கவே மாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 18

வெளிநாட்டுக் கதை எதுவும் படிப்பதில்லையா என்று கேட்டால் மகன் வாங்கித் தருவது உண்டு. இரண்டு சொல்கிறேன்.

சூசன் கிளாஸ்பெல்லின் 'ட்ரைஃபிள்ஸ்'. 1916 நாடகம், மறு வருடம் அதையே சிறுகதையாகவும் எழுதினார். அயோவாவில் 1900இல் நடந்த ஒரு கொலை வழக்குக்கு அவர் நிருபராகப் போனவர், அதிலிருந்து வந்த கதை. புருஷன் கழுத்து நெரிபட்டுச் செத்துக் கிடக்கிறான், மனைவி ஜெயிலில். ஆம்பளைகள் மேல்மாடியிலும் தொழுவத்திலும் துப்புத் தேடுகிறார்கள். கூட வந்த இரண்டு பெண்கள் சமையலறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நேராகப் போய்க்கொண்டிருந்த தையல் ஓரிடத்தில் கோணிக்கிடக்கிறது. உடைந்த பறவைக் கூண்டு. தையல் பெட்டியில் கழுத்து முறிக்கப்பட்ட குருவி. இருவருக்கும் புரிந்துவிடுகிறது. குருவியை ஒளித்துவிடுகிறார்கள். செத்தவனும் அடிபட்டவளும் மேடைக்கே வராத கதை, அடியைக்கூடக் காட்டவில்லை. எங்கள் ஸ்டவ் கணக்கும் இதே ஜாதி. சமையலறைத் தடயம் சமையலறைக்காரிக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, அயர்லாந்துக்காரர் ராடி டாயில் 1996இல் எழுதியது. தலைப்பே கதவுகளில் போய் மோதிக்கொண்ட பெண் என்று வரும். பாலா ஸ்பென்சர், நாலு பிள்ளைக்காரி, குடிப்பழக்கமும் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். டாக்டர், நர்சு எல்லோரும் கட்டுப்போடுகிறார்கள், அவள் குடித்திருக்கிறாள் என்று மோந்து பார்க்கிறார்கள். அவள் மனதுக்குள் ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்: என்னைக் கேளுங்கள். என் மூக்கைப் பற்றிக் கேளுங்கள், பல்லைப் பற்றிக் கேளுங்கள். யாரும் கேட்பதில்லை.

ஆண் எழுதியது இது. எழுதுகிறவர்களுக்குத் தகவல் இல்லை என்று மார்ச் 5இல் தீர்ப்பு சொன்னேனே, அதை வாபஸ் வாங்குகிறேன். டப்ளினில் உட்கார்ந்துகொண்டு இந்த ஆளுக்கு எங்கள் கேஷுவாலிட்டி எப்படித் தெரிந்தது?

மார்ச் 18, பின்னிரவு

1996. அதே வருடம்தான். மணிக்கட்டு முறிந்து வந்த ஒருத்தி, இருபத்திரண்டு வயசிருக்கும், பச்சை சுங்குடிச் சேலை. டிஸ்சார்ஜ் அன்றைக்கு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் பில்லுக்கோ மாத்திரைக்கோ போயிருந்தான். இரண்டு நிமிடம் இருந்தது. நான் சொன்னது: "அனுசரிச்சுப் போம்மா. எல்லாம் சரியாயிரும்."

அவள் தலையாட்டினாள். திரும்ப வரவில்லை. நன்றாக இருக்கலாம். எனக்குத் தெரியாது.

'தி கலர் பர்ப்பிள்' நாவலில் சீலி, தானே தினம் அடி வாங்குகிறவள், மகன் முறையாகிறவனிடம் உன் பெண்டாட்டியை அடி என்று யோசனை சொல்வாள். படித்தவர்கள் சீலியை மன்னிக்கச் சிரமப்பட்டதாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை.

மார்ச் 20

சட்டம் கேட்டவருக்குச் சுருக்கமாக. புருஷனும் அவன் வீட்டாரும் செய்கிற கொடுமைக்கான 498ஏ பிரிவு 1983இல் வந்தது. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் அது 85ஆம் பிரிவு. அது குற்ற வழக்கு. ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாம், வீட்டில் இருக்கவும் அடிபடாமல் இருக்கவும் வழி வேண்டும் என்றால் 2005 குடும்ப வன்முறைச் சட்டம், 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது. கை ஓங்குவது மட்டுமல்ல, வாயால் கொல்வது, சம்பளத்தைப் பிடுங்குவது எல்லாம் அதில் வரும். உதவிக்குக் கூப்பிட 181 என்ற எண் உண்டு. ஒருங்கிணைந்த சேவை மையம் என்று மாவட்டத்தில் இருக்கிறது. நான் வேலையில் இருந்த கடைசிச் சில வருடங்களில் தனியாக வைத்துக் கேளுங்கள் என்று எங்களுக்கும் சொன்னார்கள்.

கணக்கு வேண்டுமென்றவருக்கு: 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 18 முதல் 49 வயதில் கல்யாணமான பெண்களில் புருஷனிடம் அடியோ பாலியல் கொடுமையோ பட்டவர்கள் நாட்டில் 29 சதவீதம், தமிழ்நாட்டில் 38. வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுக்க 14 சதவீதம்தான். ஆய்வுக்காரர்கள் வந்து கேட்டார்கள், அதனால் சொன்னார்கள்.

மார்ச் 27

ஒரு வாரம் ஊரில் இருந்தேன். அக்கா வீட்டில். அவளுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அத்தான் போய் ஒன்பது வருடம். கூடத்தில் பெரிய படம், தினம் பூ மாற்றுகிறாள். ஆமாம், பிச்சிதான். அதைப் பற்றி எனக்குக் கருத்து சொல்லத் தெரியவில்லை, கேட்காதீர்கள்.

'சங்கதி'யைக் கொண்டுபோயிருந்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு நாளில் முடித்துவிட்டாள். ராக்கம்மா பகுதியில் சத்தம் போட்டுச் சிரித்தாள். "இதெல்லாமா புஸ்தகத்துல போடுவாக?" அன்று ராத்திரி சாப்பிட்டுப் படுத்த பிறகு, விளக்கணைத்துவிட்டுக் கேட்டேன். அத்தான் உன்னை அடிப்பாராக்கா?

ரொம்ப நேரம் ஃபேன் சத்தம்தான்.

"மூணு பேட்டரி டார்ச்சு," என்றாள். "ரெண்டு பேட்டரி இல்ல. மூணு." அப்புறம் முழங்கையைத் தொட்டுக் காட்டினாள், இருட்டில். அந்த முழங்கைக்கு மாவுக்கட்டு போட்டது எனக்கு நினைவிருக்கிறது. நான் அப்போது நர்சிங் இரண்டாம் வருடம், லீவில் வந்திருந்தேன். கட்டு சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பெரிய மனுஷி மாதிரி விரலை அமுக்கிப் பார்த்தேன். கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்றாள். பாசி பிடித்திருக்கும், பிளீச்சிங் பவுடர் போடுங்கள் என்றேன்.

"நீ அன்னிக்கே கேப்பேன்னு பாத்தேன்ட்டி," என்றாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை.

மார்ச் 28

ராக்கம்மா வருகிற பக்கம் எது என்று கேட்டவருக்கு: புத்தகம் இப்போது என்னிடம் இல்லை. கிளம்பும்போது பையில் வைக்கப் போனேன், அக்கா வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டாள். எதிர் வீட்டு மருமகளுக்குப் படிக்கக் கொடுக்கணுமாம். அந்த வீட்டில் ராத்திரி டிவி சத்தமாக இருக்கிறதாம்.